சுமாரான காதல் நகைச்சுவைப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஒருமுறை பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு நாம் கடந்துபோகும் படங்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதிலும் காதல் நகைச்சுவைப் படம் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல். பல வருடங்களாக இந்த வகைப் படங்களைப் பார்த்தும், அவற்றுக்காக நண்பர்களோடு வாதாடியும் வந்ததில், திரும்பத் திரும்ப என் முன்னால் வந்து நின்ற கேள்விகள் இவை. பதில்களில் நீங்கள் ஒத்துக்கொள்ளாத இடங்கள் இருக்கும். இருக்கட்டும்.

ஒரு படத்தைச் 'சுமார்' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மோசமான படத்தைப் பாதியில் நிறுத்திவிடுவோம். நல்ல படம் முடிந்ததும் யாரையாவது கூப்பிட்டுச் சொல்லத் தோன்றும். சுமாரான படத்தைக் கடைசிவரை பார்த்துவிடுவோம், அங்கங்கே சிரிக்கவும் செய்வோம். மறுநாள் காலையில் நாயகனின் பாத்திரத்துக்கு என்ன பெயர் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இதை வெறும் மனநிலையாக விடாமல் சோதித்துப் பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். படத்திலிருந்து நகைச்சுவையை முழுக்க வெட்டி எடுத்துவிட்டால் காதல் கதை அப்படியே நகர்ந்துபோகுமா? காதலை எடுத்துவிட்டால் நகைச்சுவைக் காட்சிகள் அப்படியே நிற்குமா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் அது சுமாரான படம். இரண்டு சின்னப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நல்ல படத்தில் சிரிப்புதான் காதலை நகர்த்தும்.

1934-ல் பிராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' படத்தைப் பாருங்கள். வீட்டைவிட்டு ஓடிவந்த பணக்காரப் பெண்ணும் வேலை போன பத்திரிகையாளரும் ஒரே அறையில் இரவைக் கழிக்க வேண்டிய நிலைமை. இரண்டு கட்டிலுக்கும் நடுவே கயிறு கட்டி, அதில் ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார் அவர். பார்த்தால் சிரிப்பு வரும் ஏற்பாடு. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து இருவருக்கும் இடையே உள்ள தூரத்தை அந்தப் போர்வைதான் அளக்கிறது. கடைசிக் காட்சியில் ஜோடியைக் காட்டவே மாட்டார்கள். போர்வை கீழே விழுவதை மட்டும் காட்டி முடித்துவிடுவார்கள். படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்று 5 முக்கிய ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேர வாங்கிய முதல் படம் அது. அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் அங்கே சிரிப்பும் இல்லை, காதலும் இல்லை.

தனி காமெடி டிராக் இருப்பது தப்பா? நமக்குப் பழகிப்போன விஷயம்தானே?

தப்பே இல்லை. குடும்பக் கதையிலோ அடிதடிப் படத்திலோ தனி டிராக் என்பது மூச்சுவிடும் இடம். அதில் அற்புதங்களைச் செய்திருக்கிறார்கள். காதல் நகைச்சுவைப் படத்தில்தான் அது இடிக்கிறது. வகையின் பெயரிலேயே இரண்டும் இருக்கும்போது, நாயகன் காதலிப்பான், நண்பன் சிரிக்க வைப்பான் என்று வேலையைப் பிரித்துக்கொடுத்தால் நாயகனுக்குப் பாவமாக முகத்தை வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போகிறது.

ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' 1964-ல் வந்தது. அதில் நாகேஷ் சினிமா எடுக்கக் கிளம்புவது மேலோட்டமாகப் பார்த்தால் தனி டிராக் மாதிரிதான் தெரியும். கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்பா விஸ்வநாதனாக வரும் பாலையாவுக்குப் பணத்தின் மேல் ஆசை. அந்த ஆசையால்தான் மகன் நாகேஷ் படம் எடுக்கப் பணம் கேட்டால் கை இறுகுகிறது. அதே ஆசையால்தான் பணக்கார மாப்பிள்ளை என்று ஒருவன் வந்து நின்றால் வாய் பிளக்கிறார். சிரிப்புக்கும் காதலுக்கும் ஒரே ஊற்று, ஒரு மனிதரின் ஒரே குணம். இரண்டு கதையும் தனித்தனியாக ஓடுவதுபோலத் தெரிந்தாலும் வேர் ஒன்றாக இருப்பதால்தான் படம் சிதறவில்லை.

அதில் நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியைத் தெரியாதவர்கள் குறைவு. சத்தம், சைகை, குரலின் ஏற்ற இறக்கம் எல்லாம் நாகேஷுடையது. ஆனால் சிரிப்பை வாங்கித் தருவது எதிரே உட்கார்ந்திருக்கும் பாலையாவின் முகம். சொல்பவரைவிடக் கேட்பவரை நம்பிய காட்சி அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கேள்விக்கு இது தேவைப்படும்.

சிரிப்பு வருகிறது, ஆனால் மனதில் நிற்கவில்லை. ஏன்?

எனக்கு இதற்கான பதில் தொல்காப்பியத்தில் கிடைத்தது. மெய்ப்பாட்டியலில் நகை எங்கிருந்து பிறக்கிறது என்று நான்கு இடங்களைச் சொல்கிறார்கள்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது கேலி. இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடனும் அறியாமையின் பக்கத்து வீடுதான், ஆனால் அதில் ஒரு பிடிவாதம் இருக்கும். ஒருவர் சொன்னதை அப்படியே நம்பி, விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது.

சுமாரான படம் இந்த நான்கில் எள்ளலை மட்டும் வைத்துக் காலத்தை ஓட்டுகிறது. ஒருவரின் உடம்பு, நிறம், வழுக்கை, பேச்சுத் திக்கல் இவற்றின் மேல் ஒரு கவுண்டர். சிரிக்கிறோம். சிரித்ததுமே அது தீர்ந்தும் போகிறது. கேலி பண்ணும்போது நாம் ஒருபடி மேலே நின்று கீழே பார்க்கிறோம், அங்கிருந்து யார் மீதும் பிரியம் வராது. மற்ற மூன்றும் அப்படி இல்லை. ஒருவனின் பிள்ளைத்தனத்தைப் பார்த்துச் சிரிக்கும்போதே அவனைப் பிடித்துப்போகிறது. காதல் வந்த மனிதர்களிடம் இந்த மூன்றும் கொட்டிக் கிடக்கும். ஒரு குறுஞ்செய்திக்குப் பதில் வரவில்லை என்று அரைமணி நேரம் பதறுகிறவனைக் காட்டினால் போதும், அதற்குமேல் காமெடி நடிகரே தேவையில்லை.

திருக்குறளின் கடைசிப் பகுதியில் 'புலவி நுணுக்கம்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அதில் அடுத்தடுத்து இரண்டு குறள்கள். கணவன் தும்முகிறான். அவள் பழக்க தோஷத்தில் வாழ்த்திவிடுகிறாள். வாழ்த்திய வாய் மூடுவதற்குள் அழ ஆரம்பிக்கிறாள், "யார் உங்களை நினைத்ததால் தும்மினீர்கள்?" என்று. சரி, வம்பு வேண்டாம் என்று அடுத்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகை: "உங்களுக்கு வேண்டியவர்கள் நினைப்பதை என்னிடம் மறைக்கிறீர்களா?" தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். நண்பன் பாத்திரம் இல்லை, ஆள்மாறாட்டம் இல்லை, யாரும் வழுக்கி விழவில்லை. இரண்டு பேர், ஒரு தும்மல். சிரிக்கும்போதே அவளுக்கு அவன்மேல் எவ்வளவு பிரியம் என்பதும் தெரிந்துவிடுகிறது. இந்த வகைப் படம் எழுத உட்காரும் யாருக்கும் நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

முடிவு முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது. அது குறைதானே?

என்னைப் பொறுத்தவரை இல்லை. சேர்வார்கள் என்று தெரிந்துதான் வந்து உட்காருகிறோம். 'ரோமன் ஹாலிடே' (1953) மாதிரி ஜோடியைப் பிரித்து அனுப்பி வைத்தும் மனதை நிறைத்த படங்கள் உண்டு. 'வென் ஹாரி மெட் சாலி' (1989) படத்தில்கூட இருவரும் சேராமல் போவதாகத்தான் முதலில் எழுதியிருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். ஆக, முடிவு எப்படியும் போகலாம். முடிவு தெரிவது குறை இல்லை. அடுத்த வசனம் தெரிவதுதான் குறை. நாயகி பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்கிறாள் என்றதும் அவன் போக்குவரத்து நெரிசலில் இறங்கி ஓடப்போகிறான், அவள் கடைசி நொடியில் திரும்பிப் பார்க்கப்போகிறாள், சுற்றி நிற்பவர்கள் கைதட்டப்போகிறார்கள் என்பது வரை நம்மால் சொல்ல முடிகிறது என்றால், எழுதியவர் அன்று வேலைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

முதல் பாதி நன்றாகப் போகிறது. இரண்டாம் பாதி ஏன் படுத்துவிடுகிறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சுமாரான படங்களின் உயிர்நிலையும் இங்கேதான் இருக்கிறது.

முதல் பாதிக்கு இயல்பாகவே ஓர் இழுவிசை உண்டு. இரண்டு அந்நியர்கள் சந்திக்கிறார்கள், உரசுகிறார்கள், பிடித்துப்போகிறது. இதைச் சராசரியாக எழுதினாலே பார்க்க முடியும். இடைவேளைக்குப் பிறகு அவர்களைப் பிரித்துவைக்க ஒரு காரணம் வேண்டும். இங்கேதான் சோம்பல் எட்டிப் பார்க்கிறது. அவன் இன்னொரு பெண்ணைக் கட்டிப்பிடித்து நிற்பதை இவள் தூரத்திலிருந்து பார்த்துவிடுகிறாள். அவள் அவனுடைய அத்தை மகள், வெளிநாட்டிலிருந்து அன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். "யார் அது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். கேட்க மாட்டாள். ஃபோனை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவாள். அடுத்த நாற்பது நிமிடம் மழை, ஜன்னல், சோகப் பாட்டு.

இரண்டு நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினை, பிரச்சினையே இல்லை. பேச முடியாததற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், பேசினால் எதையாவது இழக்க வேண்டும். 1955-ல் எல்.வி.பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா'வில் ஜெமினி கணேசனும் சாவித்திரியும் கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஆசிரியர் வேலையில் சேருகிறார்கள். தம்பதியாக இருந்தால்தான் வேலை. உண்மையைச் சொன்னால் இருவருக்கும் பிழைப்பு போய்விடும். அதனால் ஒவ்வொரு நாளும் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அப்படிக் காப்பாற்றப் போய்த்தான் சிரிப்பும் வருகிறது, பொய்யாகத் தொடங்கிய உறவு மெல்ல மெய்யாகவும் ஆகிறது. பொய் தம்பதி என்ற கருவை அதற்குப் பிறகு எத்தனையோ படங்கள் எடுத்துக்கொண்டன. பல படங்களில் பொய் சொல்ல வேண்டிய கட்டாயம் மட்டும் காணாமல் போயிருக்கும். சும்மா சொல்கிறார்கள், சும்மா மாட்டிக்கொள்கிறார்கள்.

ஊடல் என்பது உணவில் உப்பு மாதிரி, அளவு கொஞ்சம் கூடினாலும் கெட்டுவிடும் என்று வள்ளுவர் 1302-ஆவது குறளில் சொல்லிவிட்டார். இரண்டாம் பாதிக்கு இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பிரிவு வந்தவுடனே படம் தான் ஒரு நகைச்சுவைப் படம் என்பதையே மறந்துவிடுகிறது. எல்லோரும் கனத்த குரலில் பேசுகிறார்கள். முதல் பாதியில் சின்னக் குறும்பு செய்த பாட்டி இப்போது வாழ்க்கைத் தத்துவம் சொல்கிறார். துக்கத்தில் இருப்பவர்களும் வேடிக்கையான காரியங்களைச் செய்வார்கள் என்பது எழுதுபவருக்குத் தெரியாதா என்ன? காதல் தோல்வியில் தாடி வளர்த்தவன் முகம் அரிக்கிறது என்று சொறிந்துகொள்ளவாவது வேண்டாமா?

ஜோடிக்குள் 'கெமிஸ்ட்ரி' இல்லை என்கிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேசுபவரைப் பார்க்காதீர்கள். பேசாமல் இருப்பவரைப் பாருங்கள்.

அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் கேட்கிறானா, தன் வரிக்காகக் காத்திருக்கிறானா? கேட்கிற முகத்தில் சின்னச் சின்ன மாற்றங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். காத்திருக்கிற முகம் புகைப்படம் மாதிரி உறைந்திருக்கும். நாகேஷ் கதை சொல்லும்போது பாலையா செய்தது அந்தக் கேட்டல்தான். அது காதலர்களுக்கும் வேண்டும்.

கெமிஸ்ட்ரி இல்லாமல் போவதற்கு நடிகர்களை மட்டும் குறைசொல்வதும் சரியில்லை. ஒரு சுமாரான படத்தை எடுத்து, ஜோடி பேசும் காட்சியில் எத்தனை தடவை வெட்டுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவள் முகம், அவன் முகம், அவள் முகம், அவன் முகம். இருவரும் ஒரே ஃபிரேமில் அரை நிமிடம்கூடச் சேர்ந்து நிற்பதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் செட்டில் இருந்தாரா என்றே சந்தேகம் வரும். அதே ஜோடியை ஒரு லிஃப்ட்டுக்குள் நிற்க வைத்து, கேமராவை அசைக்காமல், கதவு திறக்கும்வரை இருவரும் என்ன செய்கிறார்கள் என்று காட்டியிருந்தால் கதையே வேறு. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேலே மாறும் எண்களைப் பார்ப்பார்கள். ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க". டைமிங் என்று நாம் சொல்வது அந்த இடைவெளியைத்தான். எடிட்டிங் மேஜையில் அதை வெட்டிவிட்டு, நடிகர்களிடம் கெமிஸ்ட்ரி இல்லை என்றால் எப்படி?

டப்பிங்கும் ஒரு காரணம். இரண்டு பேரும் வெவ்வேறு நாளில், வெவ்வேறு மனநிலையில் வந்து தனித்தனியாகக் குரல் கொடுத்தால், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கே விழுவது, சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுவது, பாதி வார்த்தையை விழுங்குவது எல்லாம் துடைத்து எடுத்ததுபோல் ஆகிவிடும்.

நெருக்கத்தைக் காட்டினால் கெமிஸ்ட்ரி வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 1934-ன் நடுவிலிருந்து ஹாலிவுட்டில் தணிக்கை விதிகளைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கினார்கள். உடல் நெருக்கத்தைக் காட்ட வழி அடைபட்டதும், ஜோடிகள் வாயால் மோதிக்கொள்ளத் தொடங்கினார்கள். சரமாரியான பேச்சு, பதிலுக்குப் பதில், இடையில் மூச்சுவிட நேரமில்லை. அந்தக் காலத்துப் படங்களில் இருக்கும் சூடு முத்தக் காட்சிகளில் வந்ததல்ல.

நண்பனோ, அப்பாவோ, வீட்டுக்காரம்மாவோதான் படத்தைக் காப்பாற்றுகிறார்கள். இது ஏன்?

நாயகன் நல்லவனாக இருந்தே ஆக வேண்டும், நாயகி எல்லோருக்கும் பிடித்தவளாக இருந்தே ஆக வேண்டும் என்ற பயம் எழுதுபவரின் கையைக் கட்டிவிடுகிறது. துணைப் பாத்திரங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. வீட்டுக்காரம்மா கஞ்சத்தனமாக இருக்கலாம், பொறாமைப்படலாம், அடுத்த காட்சியில் பாசமாகவும் இருக்கலாம். அதனால் அவர் மனுஷியாகத் தெரிகிறார், ஜோடி விளம்பரப் படத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் மாதிரித் தெரிகிறார்கள்.

இது புதிதும் இல்லை. 1600-ல் அச்சான ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபௌட் நத்திங்' நாடகத்தில் முறைப்படி முதல் ஜோடி கிளாடியோவும் ஹீரோ என்ற பெண்ணும். வாயாடிகளான பியாட்ரிஸும் பெனெடிக்கும் இரண்டாவது ஜோடி. நானூறு வருடமாக மக்கள் நினைவில் வைத்திருப்பது இரண்டாவது ஜோடியைத்தான். முதல் ஜோடி அழகாக இருந்தார்கள். இரண்டாவது ஜோடி சண்டை போட்டார்கள்.

சுமாரான படத்தின் பெரிய நிறைகளில் ஒன்றாக நான் எண்ணுவது இந்தத் துணைப் பாத்திரங்களைத்தான். பெரிய படங்களில் இரண்டு வரி வசனத்தோடு வந்துபோகும் நடிகர்களுக்கு இங்கே ஒரு முழுக் காட்சி கிடைக்கிறது, அதை அவர்கள் வீணாக்குவதில்லை.

நாயகிக்கு இந்த வகைப் படங்களில் முக்கியத்துவம் அதிகம்தானே?

திரையில் இருக்கும் நேரம் அதிகம். முக்கியத்துவம் வேறு விஷயம். எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: அவள் யாரையாவது சிரிக்க வைக்கிறாளா? தெரிந்தே, வேண்டுமென்றே, தன் வாய்ச் சாமர்த்தியத்தால்?

பெரும்பாலும் இல்லை. அவளுக்குக் கொடுக்கப்படுவது தடுமாற்றம். கோப்பையைத் தட்டிவிடுவாள், படியில் இடறுவாள், மழையில் குழந்தை மாதிரிக் குதிப்பாள். பார்த்து நாயகன் சிரிப்பான். வேடிக்கை பார்க்கப்படுபவள்தான் அவள், வேடிக்கை செய்பவள் இல்லை. அவளுக்கு ஒரு வேலை இருப்பதாகவும் சொல்வார்கள். கட்டடக்கலை நிபுணர் என்றால் கையில் ஒரு சுருட்டிய தாள் இருக்கும், படம் முடியும்வரை அந்தத் தாளை விரிக்க மாட்டாள். 'மிஸ்ஸியம்மா'வில் சாவித்திரிக்குக் கொடுத்த சுருக்கென்ற கோபத்தை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கோபம்தான் காட்சிகளை ஓட்டியது. ஜெமினி கணேசனுக்கு அதைச் சமாளிப்பதே வேலையாக இருந்தது. எழுபது வருடத்துக்கு முன்னால் முடிந்தது இன்று ஏன் முடியவில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

அவள் வேண்டாம் என்று சொல்லியும் துரத்தித் துரத்திக் காதலிப்பதைக் குறைகளில் சேர்ப்பீர்களா?

குறை என்ற சொல் அதற்குப் போதாது. பின்னணி இசையை நிறுத்திவிட்டு அந்தக் காட்சியைப் பாருங்கள். ஒரு பெண் வேகமாக நடக்கிறாள், ஒருவன் பின்னாலேயே வருகிறான், அவள் முகத்தில் பயம். துள்ளலான இசைதான் அதைச் சிரிப்பாக மாற்றி வைத்திருக்கிறது. மற்ற குறைகளை எல்லாம் 'சுமார்' என்ற கணக்கில் எழுதுவேன், இதை எழுத மாட்டேன். இது இருக்கும் படத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

பாடல்கள்?

கதையை நகர்த்தினால் வரட்டும். இல்லையென்றால் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

பெரிதாகக் கொண்டாடப்பட்ட பழைய படம் இன்று பார்த்தால் சுமாராகத் தெரிகிறதே?

அதைப் பார்த்து எடுத்த இருபது படங்களை நாம் முதலில் பார்த்துவிட்டதால் வரும் கோளாறு அது. மூலத்தைப் பார்க்கும்போது அது நகல் மாதிரித் தெரிகிறது. 'வென் ஹாரி மெட் சாலி'யின் நடுநடுவே வயதான தம்பதிகள் ஒரே சோபாவில் உட்கார்ந்து, தாங்கள் சந்தித்த கதையைக் கேமராவைப் பார்த்துச் சொல்வார்கள். இன்று அந்த உத்தியைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அப்படிப் பட்ட படத்துக்கு இரண்டாவது தடவை வாய்ப்புக் கொடுங்கள். உத்தி பழகியிருக்கும், ஆனால் அந்த இரண்டு பேர் பேசிக்கொள்ளும் விதம் பழகியிருக்காது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் இந்தப் படங்களையே பார்க்கிறீர்கள்?

ஏனென்றால் இவை தரும் ஒரு பொருளை வேறு எந்த வகைப் படமும் அதே அளவில் தருவதில்லை. இரண்டு மணி நேரம், மனிதர்கள் ஒருவர் மேல் ஒருவர் அக்கறையோடு இருப்பதைப் பார்க்கலாம். யாரும் சாகப்போவதில்லை. உலகம் அழியப்போவதில்லை. அதிகபட்ச ஆபத்து, ஒருவர் மனதை இன்னொருவர் புரிந்துகொள்ளாமல் போவது. அந்தச் சின்ன ஆபத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டு ஒரு படக்குழு முழுக்க உழைத்திருக்கிறது.

உடம்பு முடியாமல் படுத்திருந்த ஒரு வாரம், என்னால் கனமான எதையும் பார்க்க முடியவில்லை. அப்போது துணைக்கு வந்தவை இந்தப் படங்கள்தான். பாதியில் தூங்கிப்போகலாம், எழுந்து எங்கிருந்து வேண்டுமானாலும் தொடரலாம். மகத்தான படம் நம்மிடம் முழுக் கவனத்தைக் கேட்கும், அது நியாயமும்கூட. இது எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

விமர்சனம் எழுதும்போது நியாயமாக எப்படி எழுதுவது?

5-க்கு 2.5 என்று போட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த எண் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. இந்த வகைப் படங்கள் எல்லாமே அதே எண்ணில்தான் வந்து நிற்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் சறுக்கிய இடம் வேறு. எந்த நிமிடத்தில் கை ஃபோனைத் தேடியது, எந்த நிமிடத்தில் ஃபோனைக் கீழே வைத்தீர்கள், இந்த இரண்டையும் எழுதுங்கள். 'லாஜிக் இல்லை' என்பதைவிட 'அவள் ஏன் கேட்கவில்லை என்று எனக்குப் புரியவில்லை' என்பது பயனுள்ள வாக்கியம். அப்புறம், 'காமெடி ஒர்க்கவுட் ஆகியிருக்கிறது' என்று முடித்துவிடாமல், எது, யாருடைய முகத்தில், ஏன் என்று ஒரு வரி. நல்லதைச் சொல்லும்போதும் நுணுக்கமாகச் சொன்னால்தான் எடுத்தவர்களுக்கு அது போய்ச் சேரும்.

சுமாரான படத்தில் நிஜமாகவே நல்ல காட்சி எப்படி இருக்கும்? ஒன்று சொல்லுங்கள்.

நான் பார்த்த ஒரு படம், பெயர் மறந்துவிட்டது. வழக்கமான கதை. நிச்சயம் ஆன பிறகு சண்டை, காரணம் அந்த ஒரு கேள்வியைக் கேட்காததுதான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட நாயகி அவன் வீட்டுக்கு வருகிறாள். அவன் இல்லை, அப்பா மட்டும் இருக்கிறார். தரையில் சம்மணமிட்டு ஒரு பழைய ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாம்மா என்கிறார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் நின்றபடியே சொல்கிறாள், "மாமா, இந்தக் கல்யாணம் வேண்டாம்." சொல்லும் நேரம் பார்த்து ரேடியோ கிறீச்சிடுகிறது. "என்னம்மா?" என்கிறார். இவள் மறுபடியும், இன்னும் கொஞ்சம் உரக்க. மறுபடியும் கிறீச். அவர் திருப்புளியால் எதையோ முடுக்கிவிட்டு, அவளைப் பார்த்து, அந்த ஒயரைக் கொஞ்சம் பிடிச்சுக்கோ என்று நீட்டுகிறார். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து ஒயரைப் பிடிக்கிறாள். சத்தம் நின்றுவிடுகிறது. அறையே அமைதியாகிவிடுகிறது.

"இப்பச் சொல்லும்மா."

அவள் வாயைத் திறக்கிறாள். வார்த்தை வரவில்லை. இரைச்சலுக்குள் இரண்டு தடவை சொல்ல முடிந்தது, அமைதியில் சொல்ல முடியவில்லை. "ஒண்ணுமில்ல மாமா" என்கிறாள். அவர் தலையாட்டிவிட்டு ரேடியோவைத் திருகுகிறார். கேமரா நகரவே இல்லை, இருவரும் ஒரே ஃபிரேமில், நடுவே அந்த ஒயர். அவருக்கு முதல் தடவையே காதில் விழுந்ததா இல்லையா என்று படம் கடைசிவரை சொல்லவில்லை.

அடுத்த காட்சியிலேயே விமான நிலையம் வந்துவிட்டது.